முதலில் பேசுகிறவர்

“மேடம் வாயில வைக்கிறதுக்கு முன்னாடி மாஸ்டர் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

சொன்னவள் அந்த மீன் உணவகத்தின் இரண்டாவது சமையல்காரி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமாகியும் சமையலறையில் அவளுக்குப் பெயர் ‘புதுசு’. ஆள் புதுசு என்பதால் அல்ல. வாரத்துக்கு ஒரு புதுசு செய்துகொண்டிருந்ததால்.

காப்பித்தூள் பூசிச் சுட்ட சூரை, தேயிலைப் புகை காட்டிய இறால், மிளகாய்த் தேனில் புரட்டிய கணவாய் என்று அவள் கணக்கில் பதினோரு தட்டுகள் ஆகிவிட்டன. ஒன்றுகூட உணவுப் பட்டியலில் ஏறவில்லை.

காரணம் தலைமைச் சமையல்காரரான மாஸ்டர் என்பது அவள் முடிவு. முதலாளியம்மா ருசி பார்க்க உட்காருவார். அவர் முள்கரண்டியை எடுக்குமுன் மாஸ்டர் ஒரு விள்ளல் தின்றுவிட்டு, உப்பு ஒரு கல் கம்மி, புளிப்பு முந்துது, தேன் கருகிடுச்சு என்று ஒப்பிப்பார். முதலாளியம்மா மென்றுவிட்டு அதையே இன்னும் நல்ல வார்த்தைகளில் சொல்வார். தட்டு திரும்பிவிடும்.

உலகம் இப்போது இனிப்பையும் உறைப்பையும் ஒரே தட்டில் கேட்கிறது என்பது புதுசுவின் கட்சி. உலகம் கேட்பது இருக்கட்டும், மீன் என்ன கேட்கிறது என்று பார் என்பது மாஸ்டரின் கட்சி. அவர் பொறாமை பிடித்த முந்திரிக்கொட்டை என்று அவள் பாத்திரம் கழுவுகிறவர்வரை எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

இந்த முறை விஷயம் பெரிது. பதினான்கு கிளை வைத்திருக்கும் ஓட்டல்காரர்கள் மூன்று பேர் வருகிறார்கள். முதலாளியம்மாவின் நாக்கை நம்பித்தான் வருகிறார்கள். அவர் தேர்ந்தெடுப்பது பதினான்கு ஊரிலும் பரிமாறப்படும். புதுசுவின் பன்னிரண்டாவது தட்டான, கருக்கின ஆரஞ்சுச் சாறு ஊற்றிய மீன் அதில் இடம்பிடித்தால், அப்புறம் அவளை யாரும் அசைக்க முடியாது.

தான் முதலில் வாயைத் திறக்கக் கூடாதென்ற அந்த நிபந்தனை வேண்டாம் என்றார் மாஸ்டர். ஏன் என்று கேட்டதும் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். முதலாளியம்மா சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கும் புதுசுவுக்கும் பேச்சு நின்றது.

சுடுவதற்கு முன் மீனை அரைமணி நேரம் உப்புத்தண்ணீரில் ஊறப்போடுவது அந்தச் சமையலறை வழக்கம். விருந்தாளிகள் வரும் நாள் காலையில், சீக்கிரமே வந்த மாஸ்டர் அவளுடைய துண்டுகளையும் சேர்த்து ஊறவைத்து, வடித்து, துடைத்து அடுக்கினார். பிறகு வந்த புதுசு, யாரையும் கேட்காமல், அதே துண்டுகளை மறுபடி ஊறப்போட்டாள்.

ஆரஞ்சுச் சாற்றைப் பத்துமுறை நக்கிப் பார்த்தாள். மீனைப் பார்க்கவில்லை. நாலு தட்டும் உள்ளே போனபின், கல்லில் ஒட்டியிருந்த துணுக்கை எடுத்து வாயில் போட்டாள். கடலையே விழுங்கினாற்போல் இருந்தது.

ஓடினாள்.

முதலாளியம்மா சொல்லாமல் விருந்தாளிகள் தட்டைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. மூன்று விருந்தாளிகளும் கைகட்டிக் காத்திருந்தார்கள். முதலாளியம்மா பாதித் துண்டைத் தின்று முடித்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“உப்பு அளவா இருக்கு” என்றார் நிதானமாக. “கருக்கின ஆரஞ்சோட கசப்பு கடைசியில வந்து நிக்குது. இதை எடுத்துக்கலாம்.”

புதுசு மாஸ்டரைப் பார்த்தாள். சுவரோரம் நின்றிருந்த மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஒன்றரை வருஷமாக அவர் ஒப்பித்ததெல்லாம் யாருக்காக என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது. முதலாளியம்மாவுக்கு ருசியே தெரியவில்லை.

விருந்தாளிகள் முள்கரண்டிக்குக் கைநீட்டினார்கள். ஒரு வாய் போதும். அந்த நாக்கின் பெயர் அதோடு முடிந்துவிடும்.

“மன்னிக்கணும். மேடத்துக்கு வச்ச துண்டு மட்டும்தான் சரியானது” என்றாள் புதுசு. “உங்க மூணு தட்டுலயும் உப்பு ரெண்டு தடவை ஏறிடுச்சு. என் தப்பு.”

சொல்லிக்கொண்டே நாலு தட்டையும் வாரிக்கொண்டாள். விருந்தாளிகளில் மூத்தவர், இவ்வளவு கவனமில்லாத கையை நம்பிப் பதினான்கு கிளைக்கு எழுத முடியாது என்றார். மாஸ்டரின் வழக்கமான வெண்ணெய் எலுமிச்சை மீனைத் தங்கள் கிளைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். முதலாளியம்மாவின் நாக்கில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை.

சமையலறைக்கு வந்ததும், “எப்பலேர்ந்து மாஸ்டர்?” என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் போனது, திரும்பவில்லை என்றார் மாஸ்டர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் கண்டுபிடிச்சது அவங்களுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டாங்க. நீயும் காட்டிக்காதே.”

சாயங்காலம் முதலாளியம்மா தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே போனாள்.

“நிஜமா சொல்லு. உப்பு அவ்வளவு அதிகமா?”

“வாயில வைக்க முடியாது மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அடுத்த வாரம் அதே மீனைத் திரும்பச் செய்யச் சொன்னார். அந்த ஓட்டல்காரர்களைத் தானே மறுபடி அழைப்பதாகவும், மாஸ்டர் வழக்கம்போல முதலில் பேசட்டும் என்றும் சொன்னார்.

புதுசு கதவருகே போனபோது அவர் மீண்டும் கூப்பிட்டார்.

“மாஸ்டர் எதுக்காக முந்திக்கிட்டுப் பேசறார்னு எனக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும். அதை அவர்கிட்ட சொல்லிடாதே. பாவம், சங்கடப்படுவார்.”