சோளக்கடைக்கு நேரே

இன்றைக்கும் படகு சரியாக முத்துச்செல்வியின் மக்காச்சோளக் கடைக்கு நேரேதான் நின்றது. என்ஜின் சூடேறி 'பீப் பீப்' என்று கத்த, ஏறியிருந்த எட்டுப் பேரும் கூடவே கத்தினார்கள்.

மூங்கில் கழியை ஊன்றித் தள்ளியே கரை சேர்த்தாயிற்று. கண்மாயில் படகு விடும் குத்தகைக்காரர் துளசிராமுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. டிக்கெட் எடுத்தவர்கள் வரிசையில் நின்று வேறு முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே வாரத்துல நாலாவது தடவை. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டம் அள்ளும். இதுக்கு ஒரு முடிவு தெரியலைன்னா நீ ஊருக்குக் கிளம்பிரு" என்றார், படகோட்டி முத்துக்குமரனிடம்.

அவன் பேரையூரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. லைஃப் ஜாக்கெட்டின் நாடாவைக்கூட அவிழ்க்காமல் கரையில் தலைகுனிந்து நின்றான்.

பரவையிலிருந்து மெக்கானிக் அழகுராஜா வந்து, படகைக் கரையில் கட்டியபடியே என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். பின்னால் பீச்சியடிக்க வேண்டிய தண்ணீர் மூக்கு ஒழுகுவது போலச் சொட்டியது. ஆயில் சரியாக இருந்தது. தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தில் பாலித்தீன் பை எதுவும் சிக்கவில்லை. பம்பைக் கழற்றியதும் உச்சுக்கொட்டினார்.

"அண்ணே, கண்மாய்த் தண்ணிய உறிஞ்சித்தான் இது சூட்டை ஆத்திக்கிது. உள்ள பாருங்க, எம்புட்டுச் சேறு. ஆழத்துல ஓட்டுனா இது வராது. இவன் கரையோரமாவே உருட்டிருக்கான்."

துளசிராம் சோளக்கடையைத் திரும்பிப் பார்த்தார். முத்துச்செல்வியும் இங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த கோபத்தோடு அவருக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"இதுக்குத்தானாடா என் என்ஜினைப் போட்டுப் பொசுக்குன?"

"இல்ல மொதலாளி, வந்து..."

"பேசாத. அந்தப் பொண்ணு வீட்டுல நானே வந்து பேசி முடிக்கிறேன். இனிமே ஒழுங்கா நடுக்கண்மாயில ஓட்டு. சரியா?"

முத்துக்குமரன் நடுக்கண்மாயைப் பார்த்தான். பாவம், அவனுக்கு வியர்த்து வழிந்தது.

"பொண்ணெல்லாம் வேணாம் மொதலாளி. எனக்கு நீச்சல் தெரியாது."