பாட்டில் மூடியின் பலம்

ஜிம்மில் சிக்கந்தர் தூக்கும் இருபது கிலோ டம்பெல்லுக்கு ஒரு வழக்கம். மேலே போகும் ஒவ்வொரு முறையும் "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொள்ளும்.

நோன்பு மாதத்தின் முதல் நாள் மாலை, அவருடைய தண்ணீர் பாட்டில் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத சிக்கந்தர், டம்பெல்லைப் பத்து முறை தூக்கினார். பிறகு பாட்டிலைக் கையில் எடுத்தார். விடுவேனா என்று பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டது. சற்று நேரம் பார்த்துவிட்டு அவர் கீழே வைத்துவிட்டார்.

"பார்த்தியா? உன்னைப் பந்து மாதிரி தூக்குறவரால என் மூடியைத் திறக்க முடியல!"

இப்படியே நான்கு முறை நடந்தது. பாட்டிலுக்குத் தலைகால் புரியவில்லை.

நோன்பு திறக்கும் நேரம் வந்தது; பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சிக்கந்தர் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மூடியைத் திருகினார். பாட்டில் உயிரைக் கொடுத்து இறுக்கியும், இரண்டே விரலுக்கு அது கழன்றுவிட்டது. மூன்று மடக்கில் பாட்டில் காலி.

"இவ்வளவு பலமும் இத்தனை நேரம் எங்கே போயிருந்துச்சு?" என்றது பாட்டில், வெட்கத்தோடு.

"உன்கிட்டதான். நாலு தடவை எடுத்தார், நாலு தடவையும் கீழே வச்சார். என்னைத் தூக்குறதைவிட உன்னைக் கீழே வைக்கத்தான் அவருக்கு அதிகப் பலம் வேண்டியிருந்துச்சு" என்றது டம்பெல்.

மறுநாள் மாலை சிக்கந்தர் பாட்டிலை எடுத்தார், பார்த்தார், கீழே வைத்தார்.

"ஒன்று" என்றது பாட்டில்.