மிதக்காத நெல்

கொழுந்தன் தோக்பே விற்க வந்த விதைநெல், கிம்ச்சிச் சாடிகளுக்கு நடுவே அவனே உப்புக் கரைத்து வைத்த வாளியில் சரசரவென்று இறங்குகிறது. மல்சூன் குனிந்து பார்க்கிறாள். உப்புத் தண்ணீரில் அரைகுறை நெல் மிதக்கும். கருவும், அது முளைவிட்டு எழத் தேவையான சத்தும் நிறைந்த மணிதான் மூழ்கும். இங்கே ஒரு மணிகூட மிதக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்துகிறது. வெயில் வாளிக்குள் நெளிகிறது. "பாத்தீங்களா அண்ணி, அத்தனையும் தங்கம்!" தோக்பே சிரிக்கிறான், கால் மட்டும் வாசலைப் பார்த்து நிற்கிறது. மல்சூன் மேலங்கிப் பையிலிருந்து, காலையில் கோழி இட்ட முட்டையை எடுக்கிறாள். உப்பு சரியாக இருந்தால் முட்டை மிதக்க வேண்டும். "முட்டை எதுக்கு அண்ணி? எம்மேல நம்பிக்கை இல்லையா?" "உம்மேல இருக்குப்பா. தண்ணி மேலதான் இல்ல." முட்டையை வாளியில் விடுகிறாள். அது நேரே அடிக்குப் போய், நெல்மேல் சாவகாசமாக உட்காருகிறது.