மரைக்கார் குடுத்த நற்சான்று

“இஞ்ச கேளுங்க, அந்தக் கடிதத்தில நீங்க கையெழுத்து வைக்கப் போறீங்களா?” எண்டு கேட்டா சரீபா, என்ட பொஞ்சாதி.

அஷ்ரப் மௌலவிக்குக் கொழும்பில ஒரு அரபு நாட்டு எம்பசியில இருந்து இன்டர்வியூ வந்திருந்திச்சி. கிளார்க் வேலை. வரக்குள்ள பள்ளிவாசல்ல இருந்து ஒரு நற்சான்றுக் கடிதமும் கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க. மௌலவி எங்கட குடி, எங்கட வம்சம்; அந்தக் குடிக்குப் பள்ளி நிர்வாகத்தில இருக்கிற மரைக்கார் நான். நான் கையெழுத்து வைக்காமக் கடிதம் கிடையாது.

“வைக்காம? கல்முனைக்குடியில இருந்து ஒருத்தன் எம்பசிக்குப் போறதெண்டா சும்மாவா? ஏழு வருஷம் அரபுக் கலாசாலையில கிடந்து படிச்ச புள்ள. அரபிக்கே அரபு படிச்சிக் குடுப்பான்.”

“குடுப்பார், குடுப்பார். பின்னேரம் அஸர் தொழுதிட்டு நேரா எங்க போறார் எண்டு கேட்டுப் பாருங்க. சுஹறாட வளவுக்கு. மூணு கிழமையா இதுதான் நடக்குது.”

சுஹறாட புருஷன் மௌத்தாப் போயிட்டார். ஒன்பது வருஷம் சவூதியில வீட்டு வேலை செஞ்சிட்டு, போன வருஷம், தொண்ணூற்றி நாலிலதான் ஊருக்கு வந்தவ. வயசு நாற்பதாகும். மௌலவிக்கு இருபத்தஞ்சு, இன்னும் கலியாணம் முடிக்கல்ல. வீட்டு வேலைக்குப் போய் வந்த பொம்பிளையள் எண்டாலே எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. உள்ளதச் சொல்றன்.

அண்டைக்கே அஸருக்குப் பிறகு சரீபாவையும் கூட்டிக்கொண்டு போனன்.

வளவு வாசல் கடப்புத் திறந்துதான் கிடந்திச்சி. முருங்கை மரத்தடியில சுஹறா கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தா. பத்தடி தள்ளிக் கதிரையில மௌலவி, கையில ஒரு கொப்பி. என்னைக் கண்டதும் எழும்பிட்டார். கொப்பியை மடிச்சிச் சாரத்துக்குள்ள செருகினார்.

“என்ன மௌலவி, இஞ்ச என்ன வேலை?”

மௌலவி கதிரையை என்ட பக்கமாத் தள்ளி வச்சார்.

“உங்களத்தான் கேக்கிறன். நாளைக்கு நான் கையெழுத்து வைக்கணும். ஊர் ஒரு மாதிரிக் கதைக்குது.”

“மரைக்கார், நான் வந்து...” எண்டு இழுத்தார்.

சுஹறா கையைக் கழுவிப்போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினா.

“அவரில பிழையில்ல மரைக்கார். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியாது. சின்ன வயசில படிக்கக் கிடைக்கல்ல. வெட்கத்தில, ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டு நான்தான் கேட்டன். மௌலவி படிச்சித் தாறார்.”

மௌலவி அவவைத் திரும்பிப் பார்த்தார். “ராத்தா...” எண்டார்.

“நீங்க சும்மா இருங்க மௌலவி. இனி ஒளிச்சி என்ன?”

எனக்கு முகத்தை எங்க கொண்டு வைக்கிற எண்டு தெரியல்ல. நல்ல புள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டிட்டனே.

அடுத்த நாள் காலையிலேயே கையெழுத்து வச்சன். அதோட விட்டனா? ‘அரபு மொழியில் கரை கண்டவர், ஓதத் தெரியாத பெண்ணுக்கும் பொறுமையோடு கற்பிப்பவர்’ எண்டு என்ட சொந்த வசனமும் ஒண்டு சேர்த்தன்.

சரீபாட வாய் சும்மா இருக்குமா? ரெண்டு நாளில ஊர் முழுக்கத் தெரிஞ்சிட்டுது. கடைத்தெருவில சுஹறாவைக் கண்டா பொம்பிளையள், “என்னகா, அலிஃப் எழுத்து முடிஞ்சிதா? இந்த வயசில நாக்குத் திரும்புதா?” எண்டு பகிடி பண்ணுவாங்க. “மெல்ல மெல்ல வருது” எண்டு அவவும் சிரிச்சிட்டுப் போவா. நானும் ஒரு நாள் சேர்ந்து சிரிச்சன். அல்லாஹ் மன்னிக்கணும்.

மௌலவிக்கு வேலை கிடைச்சிட்டுது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதிட்டுப் பயணம் சொல்ல எங்கட வீட்டுக்கு வந்தார். சரீபா வட்டிலப்பம் வச்சா. அவர் தொடல்ல.

“என்ன மௌலவி, சந்தோஷமில்லையா? உங்கட அரபைக் கேட்டு அவனுகள் அசந்து போயிருப்பானுகளே.”

“முதல்ல சிரிச்சாங்க மரைக்கார்.”

“ஆரு?”

“எம்பசிக்காரங்கதான். இன்டர்வியூக் கடிதம் வந்த அண்டு, ஒரு விஷயம் கேக்க டவுண்ல இருந்து டெலிபோன் எடுத்தன். நான் கதைச்சதக் கேட்டிட்டு, ‘பள்ளியில குத்பாப் பிரசங்கம் ஓதுற மாதிரிக் கதைக்கிறீங்களே’ எண்டு சிரிச்சாங்க. அவங்க கதைச்சது எனக்குப் பாதியும் விளங்கல்ல. ஏழு வருஷமும் நான் படிச்சது கிதாபில உள்ள அரபு. வாயால கதைக்கிற அரபு வேற.”

“மறுகா எப்படி இன்டர்வியூவில கதைச்சீங்க?”

“சுஹறா ராத்தா படிச்சித் தந்தா. மூணு கிழமை, மீன் கழுவிக் கழுவியே எல்லாம் சொல்லித் தந்தா.”

சரீபா வாசல்லயே நிண்டுட்டா. “அப்ப அவ ஓதப் படிச்சது?” எண்டு கேட்டா.

“அவ பத்து வயசிலேயே குர்ஆன் ஓதி முடிச்சவ.” மௌலவிக்குக் கண் கலங்கிட்டுது. “அண்டைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். வேலை போயிடும் எண்டு பயந்து வாயை மூடிட்டன். நீங்க போன பிறகு, ஏன் ராத்தா இப்படிச் சொன்னீங்க எண்டு கேட்டன். ‘வீட்டு வேலைக்குப் போனவளிட்ட அரபு படிக்கிற மௌலவி எண்டு தெரிஞ்சா, மரைக்கார் கையெழுத்து வைக்க மாட்டார் தம்பி’ எண்டு சொன்னா.”

அவ சொன்னது சரி. வச்சிருக்க மாட்டன்.