ஹருகோவின் காகிதம்

"பூச்செடி பாக்கவாம்மா ரெண்டு ஜீப்னி வண்டி மாறி வந்தோம்?" என்று சலித்துக்கொண்டான் நெஸ்தோர்.

கொன்சுவேலோ தோட்டத்தைத் தாண்டி அருங்காட்சியகத்துக்குள் போனாள். போரில் இறந்த தன் ஜப்பானிய அப்பாவின் பெயர் போட்ட காகிதம் ஒன்று கிடைத்தால் போதும், மகனை ஜப்பானுக்கு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் அவள் நின்றுவிட்டாள். உள்ளே இருந்த பழைய காகிதத்தின் கீழே எழுதியிருந்தது: 'ஓயாமா தமேகிச்சி, நார்வாழைத் தோட்டக்காரர். மகள் ஹருகோ.'

"அது ராசியான காகிதம்மா," என்றாள் வழிகாட்டிப் பெண். "போர் முடிஞ்சதும், ஜப்பான் ரத்தம்னு தெரிஞ்சா கொன்னுடுவாங்கன்னு இவரு சம்சாரம் இதைப் பக்கத்து வீட்டுல ஒளிச்சு வச்சாங்களாம். பிற்பாடு இதைக் காட்டித்தான் ஹருகோ ஜப்பான் பிரஜை ஆனாங்க. மூணு பசங்களுக்கும் அங்கேயே வேலை. பாவம், போன வருஷம் அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. அங்க அரசாங்கப் பதிவேட்டுலயும் ஹருகோ இறந்துட்டதா எழுதி முடிச்சாச்சு. அதோ அவங்க போட்டோ."

கொன்சுவேலோ படத்தின் அருகே போய்ப் பார்த்தாள்.

"இது எங்க பக்கத்து வீட்டு இசபெல்."

"ஹருகோன்னு போட்டிருக்கேம்மா! உங்களுக்கு ஹருகோவைத் தெரியுமா?"

"தெரியும். போர் முடிஞ்சப்ப எனக்கு ஆறு வயசு. இனிமே உன் பேரு ஹருகோ இல்ல, கொன்சுவேலோன்னு எங்கம்மா சொன்னாங்க."