இன்னும் கொஞ்சம் தணிவா

"இதவிடத் தணிவா வேற இல்லையா தம்பி?"

ஆம்புரோஸ் சுவரில் தொங்கிய மோட்டார் சைக்கிள் சீட்டுகளில் நான்காவதையும் இறக்கி மேசைமேல் வைத்தான். அம்பாங்கானில் பதினாறு வருஷமாக மோட்டார் சீட்டுக் கடை வைத்திருப்பவன். இப்படி ஒரு வாடிக்கையாளர் அவனுக்குப் புதுசு. பஞ்சாலை என்ற அந்த ஐம்பத்தெட்டு வயது அம்மாள், ஒரு கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, மறு கையால் ஒவ்வொரு சீட்டையும் அழுத்திப் பார்த்துத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் சந்தைக்குக் கொண்டுபோகும் பெரிய பாசார் பை. கீழே வையுங்கள் என்று அவன் இரண்டு முறை சொல்லியும் வைக்கவில்லை.

"இருக்கிறதுலேயே தணிவு இதுதான்க்கா. மோட்டாரு யாரோடது?"

"எம்மவன் சுகுமாரனோடது. கம்பெனி வேன்ல வேலைக்குப் போயிருக்கான். நாலு மணிக்கு வந்துருவான். அதுக்குள்ள சீட்ட மாட்டி, மோட்டார வீட்டுல கொண்டுபோய் நிறுத்தணும். பக்கத்து வீட்டுத் தேவன்தான் எங்க ஊரு லாபுலேர்ந்து ஓட்டிட்டு வந்தான். நான் பஸ்ஸுல வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் கடிகாரத்தை மூன்று முறை பார்த்துவிட்டாள்.

ஆம்புரோஸ் வாசலுக்குப் போய் மோட்டாரைப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது. பழைய சீட்டின் ஸ்பாஞ்சைச் செதுக்கி, பின்பக்கத்தை வாலைப் போல மேலே தூக்கி வைத்திருந்தது. குப்புறப் படுத்து ஓட்டத் தோதாக. இன்னொரு ஆள் உட்கார அதில் இடமே இல்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க மவன் ரேஸ் ஓட்றானா?"

"சனிக்கிழமை ராத்திரியில." அவள் குரல் இறங்கியது. "இன்னைக்கு சனிக்கிழமை."

ஆம்புரோஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சே அவனுக்கு சொகுசா சீட்டு மாட்டி விடுறீங்களா? நீங்கதான் லா இவனுங்களக் கெடுக்கிறது. சாவியப் புடுங்கி வச்சா என்ன?"

"வச்சேன். வேற சாவி செஞ்சுட்டான். முனியாண்டி கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ண வச்சேன். அது ரெண்டு வாரம் தாங்குச்சு. சோறு தண்ணி இல்லாம கெடந்து பாத்தேன். ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்துட்டு, சாப்பிடும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

ஆம்புரோஸுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"போன மாசம் ரேஸ் ஓட்டப் போன எங்க தெரு ராக்கம்மா மவன லாபு ரோட்டுலேர்ந்து அள்ளிட்டு வந்தாங்க தம்பி. மூஞ்சியத் தொறக்கவே இல்ல. அதுலேர்ந்து சனிக்கிழமைன்னா எனக்குத் தூக்கமே வர்றதில்ல. ராத்திரி எந்த மோட்டாரு சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போறேன். சத்தம் கேக்கலன்னா இன்னும் பயமா இருக்கு."

"அப்புறம் எதுக்குக்கா இந்தச் சீட்டு?"

"பின்னால ஒரு ஆளு நல்லா உக்காரணும். ரொம்ப நேரம் உக்காந்தாலும் இடுப்பு வலிக்கக் கூடாது."

"கதை அப்படிப் போவுதா? பொம்பளையா?"

"பொம்பளதான்."

"அவன் ரேஸ் ஓட்றது அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏறுதுன்னா அது பைத்தியம்தான்."

"ஆமா தம்பி. அவன்னா பைத்தியம்தான் அவளுக்கு."

இந்த அம்மாவிடம் பேசிப் பயனில்லை என்று ஆம்புரோஸ் கத்தியை எடுத்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பின்னால பொண்ணு உக்காந்தா இவனுங்களுக்குக் கெத்து கூடிரும்க்கா. இன்னும் முறுக்குவானுங்க."

பஞ்சாலை சீட்டின் பின்பக்கத்தை அழுத்திக் காட்டினாள். "ஆளு நாப்பத்தாறு கிலோ. உயரம் ரொம்பக் கம்மி. தணிவா இருந்தாத்தான் ஏற முடியும். இன்னும் கொஞ்சம் எறக்கு."

அவன் அந்த நான்காவது சீட்டின் பின்பக்கத்து ஸ்பாஞ்சை இரண்டு விரல் அளவு சீவி எடுத்து, மேலே மெத்தென்ற இன்னொரு ஸ்பாஞ்சைப் பதித்து, உறையை இழுத்து அடித்தான். பாதியில் அவள் கைப்பேசி அடித்தது. மகன்தான்.

"அம்மா, ராத்திரிக்கு எனக்குச் சோறு வைக்காத. வெளிய போறேன்."

"சரிய்யா," என்றாள். கைப்பேசியை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே முக்காலுக்குச் சீட்டு மோட்டாரில் ஏறிவிட்டது. அகலமாக, தணிவாக, பாசாருக்குப் போகும் மோட்டாரைப் போல சாதுவாக நின்றது.

"போல்ட்ட நல்லா இறுக்கு தம்பி. அவன் கழட்டக் கூடாது."

"ரேஸ் ஓட்றவனுக்கு இது பத்து நிமிஷ வேலைக்கா. பாத்ததும் கழட்டிக் கெடாசிருவான்."

"அவன் பாக்கும்போது சீட்டு காலியா இருந்தாத்தானே."

ஆம்புரோஸுக்கு அது விளங்கவில்லை. கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "பின்னால புடிச்சுக்க ஒரு கம்பி போட்டு விடவா? வேகத்துல அந்தப் புள்ள விழுந்துறப் போவுது."

பஞ்சாலை பாசார் பையைத் திறந்தாள். உள்ளே புத்தம் புது ஹெல்மெட் ஒன்று. கொண்டையை அவிழ்த்துவிட்டு அதைத் தலையில் மாட்டி, வாரை இறுக்கினாள். பிறகு ஆம்புரோஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மெல்லத் தூக்கிப் போட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"கம்பி வேணாம் தம்பி. எம்மவன் இடுப்பையே கெட்டியாப் புடிச்சுக்குவேன்."