எதிரே இறங்கிய கார்

"சீக்கிரம் போங்க. யாரும் என்னைப் பார்த்துடக் கூடாது" என்றான் கோகுல்நாத்.

"கொல்லிமலை ரோட்டுல வேகமாப் போனா, அப்புறம் நம்மளை யாருமே பார்க்க முடியாதுங்க சார்" என்று சிரித்தார் டிரைவர் சின்னராசு.

கோகுல்நாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. விமானக் கம்பெனியில் பெரிய பதவிதான். ஆனால் போனில் எம்.டி. அர்த்தநாரியின் குரலைக் கேட்டாலே பயந்து எழுந்து நின்றுவிடுவான். அதனால்தான் போட்டிக் கம்பெனிக்குத் தாவ முடிவு செய்தான். இரண்டு சின்ன விமானக் கம்பெனிகளை விழுங்கி முடித்திருந்த அதன் முதலாளி, மலைமேல் இருக்கும் தன் பங்களாவுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார். அர்த்தநாரிக்கு முன்கூட்டியே தெரிந்தால் தொலைத்துவிடுவார்.

அடுத்த வளைவில், எதிரே இறங்கி வந்த கார் ஓரமாக நின்றது.

"ஏன் நிக்கிறாங்க?"

"ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடோணுமுங்க."

அதன் பின்சீட்டில் அர்த்தநாரி!

கோகுல்நாத் சீட்டுக்குக் கீழே சரிந்தான். "என்னைப் பார்க்கிறாரா?"

"இல்லீங்க சார். அவரும் குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டாருங்க."

ஏன் என்று யோசிக்கக்கூடப் பயம் விடவில்லை.

பங்களாவில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

"நான் இனி யாருக்குக் கீழே சார்?"

"புது எம்.டி.க்குக் கீழே. உங்களுக்கு முன்னாடிதான் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பினார். வர்ற வழியில, வளைவுல பார்த்திருப்பீங்களே!"